போதும் என்று யார் சொல்வது?

எங்கள் கல்லூரியில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு வாசிப்பு வட்டம் கூடும். பதினைந்து இருபது மாணவிகள் வருவார்கள். கதையோ கவிதையோ கட்டுரையோ, அந்த மாதம் படித்ததைப் பற்றிப் பேசுவார்கள். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்துக்குப் புள்ளியியல் துறை மாணவி ஒருத்தி ஒரே ஒரு தாளோடு வந்தாள். அதில் இருந்தது ஓர் அட்டவணை. திமோர்-லெஸ்தே என்ற நாட்டின் மக்கள்தொகை, சுகாதாரப் புள்ளிவிவரங்கள். ஒரு வரிசையில் மூன்று எண்களைச் சுழித்து வைத்திருந்தாள்: 7.8, 5.7, 4.2. அந்த நாட்டில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை அது. முதல் எண் 2003ஆம் ஆண்டு ஆய்வில் கிடைத்தது. அடுத்தது 2009–10இல், மூன்றாவது 2016இல்.

“நல்ல முன்னேற்றம்தானே” என்றேன். மேடையில் பேசிப் பழகிய வாய். யோசிப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

“கொறஞ்சிருக்குன்னுதான் மேடம் போட்டிருக்கு. அவங்க கொறைச்சாங்களா, அவங்களுக்குக் கொறைச்சாங்களான்னு இதுல இல்லையே” என்றாள் அவள்.

நான் தமிழ் படித்தவள். வினைமுற்றுக்கு எழுவாய் எங்கே என்று கேட்டுக் கேட்டே இருபது ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கேள்வியை ஓர் அட்டவணையிடம் கேட்கத் தோன்றாமல் போனது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சிறிய நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் அங்கே போனதில்லை. அறிக்கைகளின் வழியாக மட்டுமே அந்தப் பெண்களை அறிவேன். அதனாலேயே அறிக்கைகள் பெண்களை எப்படி எண்ணுகின்றன என்பது எனக்கு ஒரு தார்மீகக் கேள்வியாகிவிட்டது. ஒரு பெண்ணை எண்ணுவது எப்போது அவளுக்கு நியாயம் செய்வதாகிறது? எப்போது அது அவளுக்கு எதிரான செயலாகிறது?

*

திமோர் தீவின் கிழக்குப் பாதிதான் இந்த நாடு. பரப்பளவு ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீட்டர். பல நூற்றாண்டுகள் போர்த்துகலின் காலனியாக இருந்தது. போர்த்துகல் விலகத் தொடங்கிய நேரத்தில், 1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியப் படைகள் நுழைந்தன. 24 ஆண்டுகள் அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. 1999 ஆகஸ்ட் 30 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். 2002 மே 20 அன்று நாடு விடுதலை பெற்றது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 13,41,737 பேர். நம் ஊரில் ஒரு நடுத்தர மாவட்டத்தின் மக்கள்தொகை.

இந்த நாட்டின் வரலாற்றைப் படிக்கையில் ‘போதும்’ என்ற சொல் இரண்டு மொழிகளில் எதிர்ப்பட்டது.

ஒன்று இந்தோனேசிய மொழியில். ‘துவா அனாக் சுக்குப்’. இரண்டு குழந்தைகள் போதும் என்று பொருள். சுகார்த்தோ ஆட்சியின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முழக்கம் அது. மற்றொன்று போர்த்துகீசிய மொழியில். ‘ஷேகா’. போதும், நிறுத்து, இனி வேண்டாம். ஆக்கிரமிப்புக் காலக் கொடுமைகளை விசாரித்த திமோரின் உண்மை ஆணையம் 2005இல் அளித்த அறிக்கையின் பெயர் அது. 2,500 பக்கங்களுக்கு மேல் உள்ள அறிக்கைக்கு ஒரே சொல்லில் பெயர்.

இரண்டும் ஒரே சொல்தான். முதலாவது பெண்களைப் பார்த்து அரசு சொன்னது. இரண்டாவது அரசைப் பார்த்து மக்கள் சொன்னது. இரண்டுக்கும் பின்னால் எண்கள் இருக்கின்றன.

*

முதல் ‘போதும்’ எப்படிச் சொல்லப்பட்டது?

இந்தோனேசியாவின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் உலக அளவில் வெற்றிக் கதையாகப் பேசப்பட்ட ஒன்று. 1989இல் சுகார்த்தோவுக்கு ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை விருது கிடைத்தது. விருது கொடுத்தவர்கள் பார்த்தது வளைகோட்டை. வளைகோடு இறங்கியிருந்தது. அதே ஆண்டில் அதே ஆட்சியின் படைகள் கிழக்குத் திமோரில் இருந்தன. அங்கேயும் அதே திட்டம் நடந்தது. மாத்திரையை விட ஊசி வசதி என்று டெப்போ-ப்ரொவேரா என்ற கருத்தடை ஊசி பரவலாகப் போடப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. போட்டுக்கொண்டவள் மனம் மாறினாலும் மூன்று மாதத்துக்கு அதை உடம்பிலிருந்து எடுக்க முடியாது.

ஊர்களில் இராணுவம் இருக்கும்போது, அந்த இராணுவமே மக்கள்தொகைத் திட்டத்திலும் கைகொடுக்கும்போது, ‘சம்மதம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சும்? பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசி என்று சொல்லிக் கருத்தடை ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு திமோர் முழுக்கப் பரவியது. அரசு மருத்துவமனை என்றாலே பெண்கள் பலர் பயந்தார்கள். திருச்சபை நடத்திய மருத்துவ இல்லங்களைத் தேடிப் போனார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்பது ஒரு கேள்வி. அதை நம்பும்படியான வாழ்க்கை அந்தப் பெண்களுக்கு இருந்தது என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மை. ஒருபக்கம் உள்ளூர்ப் பெண்ணுக்கு இரண்டு குழந்தை போதும் என்றது அரசு. மறுபக்கம் ஜாவாவிலிருந்தும் பாலியிலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து அதே மண்ணில் குடியேற்றியது. அப்படியானால் அங்கே ‘அதிகம்’ என்று எண்ணப்பட்டது மக்களையா, அல்லது திமோர் மக்களையா?

இந்த இடத்தில் பல பெண்ணியத் தோழிகள் நின்றுவிடுகிறார்கள். எண் என்பதே அதிகாரத்தின் கருவி, கணக்கெடுப்பு என்பதே கண்காணிப்பு என்று முடித்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் சில மேடைகளில் பேசியிருக்கிறேன். இரண்டாவது ‘போதும்’ அந்த முடிவில் என்னை நிற்க விடவில்லை.

*

விடுதலைக்குப் பிறகு உண்மை ஆணையத்தின் முன்னால் ஓர் எளிய கேள்வி இருந்தது: எத்தனை பேர் செத்தார்கள்? இந்தோனேசியா தொகையைக் குறைத்தே பேசிவந்தது. ஆதரவு இயக்கங்கள் இரண்டு லட்சம் என்றன. போர்த்துகீசியர்களின் 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 6.1 லட்சம் பேர் இருந்தார்கள். இந்தோனேசியா 1980இல் எடுத்த கணக்கில் சுமார் 5.55 லட்சம் பேர். பத்தாண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய மக்கள்தொகை சுருங்கியிருந்தது.

ஆணையம் மூன்று வழிகளில் எண்ணியது. ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. தேர்ந்தெடுத்த 1,396 வீடுகளுக்குப் போய், உங்கள் குடும்பத்தில் யார் எப்போது எப்படி இறந்தார்கள் என்று கேட்டது. பிறகு கல்லறைத் தோட்டங்களுக்குப் போனது. நாடெங்கும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கணக்கெடுத்து, பெயரும் தேதியும் இருந்தவற்றைக் குறித்துக்கொண்டது. இறந்தவர்களுக்கு ஒரு கணக்கெடுப்பு.

அந்த உழைப்பிலிருந்து ஆணையம் சொன்ன எண்: மோதலோடு தொடர்புடைய மரணங்கள் குறைந்தபட்சம் ஏறத்தாழ 1,02,800. இதில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் சுமார் 18,600. பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் சுமார் 84,200. மொத்தம் 1,83,000 வரைகூட இருக்கக்கூடும் என்றும் ஆணையம் சொன்னது. குறைந்தபட்ச எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 1970இல் எண்ணப்பட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

துப்பாக்கியால் செத்தவர்களை விடப் பசியால் செத்தவர்கள் நான்கு மடங்குக்கும் அதிகம் என்பதைக் கவனியுங்கள். எண்ணியிராவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. போர் என்றால் நம் மனக்கண்ணில் வருவது துப்பாக்கி. ஆண் சாகிறான், பெண் அழுகிறாள். உண்மையில் 1977 முதல் 1979 வரை திமோரில் போர் என்பது காட்டில் கிழங்கு தோண்டுவதாகவும், முகாமில் சோளத்துக்கு வரிசையில் நிற்பதாகவும், பால் வற்றிய மார்பாகவும் இருந்தது. எண்தான் அந்தப் போரைப் பெண்களும் குழந்தைகளும் வாழ்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த அடையாளம் இன்னும் மறையவில்லை. மக்கள்தொகையை வயதுவாரியாக அடுக்கி வரையும் கூம்பு வடிவப் படம் ஒன்று உண்டு. திமோரின் 2004 கணக்கெடுப்புக்கு அதை வரைந்தால், இருபதுகளின் பிற்பாதியில் ஒரு இடுக்கு தெரியும். எழுபதுகளின் பிற்பகுதியில் பிறந்திருக்க வேண்டியவர்கள், பிறந்து பிழைத்திருக்க வேண்டியவர்கள் இல்லாமல் போன இடம் அது. அந்தப் படத்தில் துயரம் என்று எங்கும் எழுதியிருக்காது. இடுப்பு ஒடுங்கிய ஒரு மரம்போல நிற்கும்.

எனவே எண்ணே எதிரி என்று இனி நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த அறிக்கைக்குள்ளும் ஒரு சொற்றொடர் என்னை நிறுத்தியது. 84,200 என்பது பசியாலும் நோயாலும் இறந்த எல்லாரையும் எண்ணிய தொகை அன்று. படையெடுப்புக்கு முந்தைய அமைதிக் காலத்தில் எந்த விகிதத்தில் மக்கள் பசியாலும் நோயாலும் இறந்துகொண்டிருந்தார்களோ, அந்த விகிதத்துக்கு மேலே நிகழ்ந்த மரணங்கள் மட்டுமே அது. போரின் குற்றத்தை அளக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. அந்தக் கழித்தல் நேர்மையான கழித்தல். ஆனால் கழிக்கப்பட்டது என்ன? எப்படியும் செத்திருப்பார்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் யார்? காலனியக் காலத்தில் மலைக் கிராமத்தில் தாதியோ மருந்தோ இல்லாமல் பிள்ளை பெற்று இறந்தவளும் அந்த ‘வழக்கமான’ மரணங்களுக்குள்தான் இருக்கிறாள்.

ஒரு மரணம் குற்றம் என்றும் மற்றொரு மரணம் வழக்கம் என்றும் பிரிக்கும் கோடு ஒன்று எல்லாக் கணக்கிலும் இருக்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பதற்கு விசாரணை உண்டு, ஆணையம் உண்டு, அறிக்கை உண்டு. கீழே இருப்பதற்கு விதி என்று பெயர். பெண்களின் மரணங்களில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே விழும்படிதான் வரலாறு முழுக்கக் கோடு போடப்பட்டிருக்கிறது.

*

மாணவி கொண்டுவந்த தாளில் இன்னொரு வரிசை இருந்தது. பேறுகால இறப்பு விகிதம். உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்ற கணக்கு. 2009–10 ஆய்வில் 557. 2016 ஆய்வில் 195.

பிறப்பும் இறப்பும் முழுமையாகப் பதிவாகாத ஒரு நாட்டில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்குப் புதியது. அக்கா தங்கைகளிடமிருந்து வருகிறது.

ஆய்வாளர் ஒரு வீட்டுக்குப் போகிறார். 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பெண்ணிடம் உட்காருகிறார். உங்கள் அம்மா பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவர் பெயரையும் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால் எந்த வயதில் இறந்தார்? அக்காவோ தங்கையோ இறந்திருந்தால் மேலும் சில கேள்விகள். அப்போது கர்ப்பமாக இருந்தாரா? பிரசவத்தில் இறந்தாரா? பிரசவம் முடிந்த சில வாரங்களிலா? அவ்வளவுதான். நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் என்று பன்னாட்டு அரங்குகளில் பேசப்படுவது, உயிரோடிருக்கும் பெண்கள் இறந்துபோன உடன்பிறந்தாளை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான். எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் கணக்கிடுதல் என்றும் நினைத்தல் என்றும் இரண்டு பொருள். இந்த ஒரு கணக்கில் அவை இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த முறைக்கும் ஒரு கண் மறைவு உண்டு. சொல்வதற்கு உடன்பிறந்தவர் யாரும் மிஞ்சாதவளை இது எண்ணாது. பஞ்ச காலத்தில் குடும்பம் குடும்பமாக அழிந்த ஒரு நாட்டில் அது சிறிய குறை இல்லை. மாதிரியில் கிடைக்கும் மரணங்கள் குறைவு என்பதால் 557, 195 இரண்டுமே கணிசமான பிழை எல்லை கொண்டவை. ஆனாலும் திசை மெய்யானது. அதற்குக் காரணங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. விடுதலை கிடைத்தபோது திமோரில் ஒரு சில டஜன் மருத்துவர்களே இருந்தார்கள். கியூபா தன் மருத்துவர்களை அனுப்பியது, ஏறத்தாழ ஆயிரம் திமோர் இளைஞர்களையும் இளம்பெண்களையும் மருத்துவர்களாகப் பயிற்றுவித்தது. 2008 முதல் ஊர்தோறும் மாதம் ஒருமுறை சுகாதார முகாம் நடந்தது. 2009–10இல் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து நடந்த பிரசவங்கள் 30 சதவீதம். 2016இல் 57 சதவீதம். பிரசவித்தவளை நெருப்பின் அருகே உட்காரவைத்துக் காக்கும் ‘தூர் அஹி’ என்ற பழக்கம் அங்கே உண்டு. வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் பெண்கள் விரும்பியதற்கு அந்தச் சூடும் உறவுகளின் சூழலும் ஒரு காரணம். அவர்களை அறியாமையில் கிடந்தவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. மருத்துவமனை என்றால் ஊசி, ஊசி என்றால் அரசு என்று இருபது ஆண்டுகள் பார்த்தவர்கள் அவர்கள்.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். அந்த ஆய்வாளரின் கேள்விகளை வரிசையாக அம்மாவிடம் கேட்டேன்.

என் அம்மாவுக்கு நேர் மூத்தவளின் பெயர் போதும்பொண்ணு. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தப் பெயர் வியப்பானதன்று. வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பெயர் பலிக்கவில்லை. அடுத்தும் பெண்தான் பிறந்தாள், என் அம்மா. அந்தப் பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். எப்படி என்று நானாக ஒருநாளும் கேட்டதில்லை.

“அஞ்சாவது பொறந்து அம்பது நாள் இருக்கும். காலெல்லாம் வீங்கிடுச்சு. படுத்தா மூச்சு வாங்கும். சோகைன்னாங்க” என்றார் அம்மா. பிறகு, என்னைத் தேற்றுவதுபோல, “அந்தக் காலத்துல அதெல்லாம் சகஜம்மா” என்றார்.

சகஜம். அந்தக் கோட்டுக்கு அம்மா வைத்திருந்த பெயர் அது.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள் நிகழ்வதுதான் பேறுகால இறப்பு. அதற்குப் பிறகு ஓராண்டு வரை நிகழ்வதற்குத் தாமதமான பேறுகால இறப்பு என்று தனிப்பெயர் உண்டு. விகிதத்தில் அது சேராது. ஐம்பதாவது நாள் இறந்த என் பெரியம்மா எட்டு நாள் பிந்திவிட்டார். எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் கோட்டுக்கு வெளியே போனவளுக்கும் ஒரு தங்கை இருக்கிறாள்.

“இத்தனை வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்குக் கேக்குற? எழுதி என்ன செய்யப்போற?” என்றார் அம்மா. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

*

என்ன செய்யப்போகிறாய் என்பது கேட்கப்பட்டவள் திருப்பிக் கேட்கும் கேள்வி. எண்ணுவது நியாயமா அநியாயமா என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஊசியோடு வந்தவரிடம் இதைத் திருப்பிக் கேட்க முடியவில்லை. ஆணையத்திடம் கேட்க முடிந்தது. கேட்டவர்களுக்கு ஆணையம் தன் அறிக்கையால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்க முடிந்த இடத்திலும் எல்லாரும் கேட்டுவிடவில்லை. ஆணையத்துக்கு வாக்குமூலம் தந்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பாலியல் வன்முறை குறித்து அங்கே பதிவானவை 853. உண்மையான தொகை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்று ஆணையமே எழுதியது. வெட்கத்தால் சொல்லாதவர்கள், சொன்னால் கணவன் விட்டுவிடுவான் என்று பயந்தவர்கள், சொல்வதற்குள் செத்துப்போனவர்கள். 853 என்ற எண்ணை நான் ஒரு தொகையாக வாசிப்பதில்லை. வாய் திறந்து சொன்னவர்களின் துணிச்சலுக்கான அளவாக வாசிக்கிறேன்.

யார் கேட்கிறார், எப்படிக் கேட்கிறார் என்பதைப் பொறுத்து எண் எவ்வளவு மாறும் என்பதற்கு இன்னோர் உதாரணம். 2009–10ஆம் ஆண்டின் பொதுவான சுகாதார ஆய்வில், 15 வயதுக்குப் பிறகு உடல்ரீதியான வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன பெண்கள் 38 சதவீதம். 2015இல் பெண்கள் மீதான வன்முறைக்கென்றே தனியாக ஓர் ஆய்வு நடந்தது. கணவன் அல்லது இணையால் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். இரண்டும் ஒரே கேள்வி இல்லை, ஒரே கூட்டத்தாரிடம் கேட்டதும் இல்லை. அதனால் ஐந்து ஆண்டுகளில் வன்முறை இவ்வளவு கூடிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. அடித்தாரா என்று ஒரு வார்த்தையில் கேட்பது வேறு. தனியறையில், பயிற்சி பெற்ற ஒரு பெண் உட்கார்ந்து, அறைந்தாரா, தள்ளினாரா, விருப்பமில்லாதபோது வற்புறுத்தினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது வேறு. 2010இல் திமோர் குடும்ப வன்முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்து, அதைப் பொதுக்குற்றமாக்கியது. அடி என்பது ‘சகஜம்’ என்ற கோட்டுக்குக் கீழிருந்து குற்றம் என்ற இடத்துக்குச் சட்டத்தில் நகர்ந்தது. மனதில் நகர்ந்துவிட்டதா? 2016 ஆய்வில்கூட, ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரிதான் என்று சொன்ன பெண்கள் நான்கில் மூன்று பேர். நம் நாட்டில் இதே கேள்விக்குக் கிடைக்கும் பதில்களும் நாம் பெருமைப்படும்படி இல்லை.

*

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். குறைந்தது என்றால், யார் குறைத்தது?

2003இல் 7.8 என்பது உலகின் மிக உயர்ந்த எண்களில் ஒன்று. அந்த எண்ணையும் விதம் விதமாக வாசிக்கலாம். இழந்த பிள்ளைகளுக்குப் பதிலாகப் பெற்றார்கள் என்பார்கள். அரசு ஊசியின் மீதான அச்சம் என்பார்கள். மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள் என்பார்கள். பிள்ளைகள் செத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் நிறையப் பெற வேண்டியிருந்தது என்பார்கள். எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கலாம். பஞ்சத்தில் 1978இல் பிறந்து பிழைத்த ஒரு பெண் குழந்தைக்கு 2003இல் 25 வயது. நாடு வெற்றி கொண்டாடிய அந்த ஆண்டுகளில் புதிய தலைமுறையைப் பெற்றுத் தந்தது, பசியில் வளர்ந்த அவள் உடம்பு. 2009–10இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று எண்ணினார்கள். அந்த உயரத்தைக் குழந்தையிடம் மட்டும் அளந்தால் போதாது. தாயின் குழந்தைப் பருவத்திலிருந்து அளக்க வேண்டும்.

பிறகு எண் இறங்கியது. 2016இல் திருமணமான பெண்களிடையே மிக அதிகமாகப் பயன்பட்ட கருத்தடை முறை எது தெரியுமா? ஊசி. ஒரு காலத்தில் எதற்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்த்தார்களோ அதே ஊசி. மருந்து மாறவில்லை. கேட்டவர் மாறியிருக்கிறார், கேட்கும் விதம் மாறியிருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. ஒரே ஊசி அடிமைத்தனமாகவும் விடுதலையாகவும் இருக்க முடியும் என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும் விட இந்த ஒரு தகவல் எனக்குத் தெளிவாகச் சொன்னது.

அந்த அட்டவணையின் கீழே, யாரும் சுழித்து வைக்காத ஒரு வரிசை இருந்தது. தேவை நிறைவேறாதவர்கள் என்ற தலைப்பு. இனிப் பிள்ளை வேண்டாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியும் எந்தக் கருத்தடை முறையும் பயன்படுத்தாத பெண்கள். 2016இல் திருமணமானவர்களில் 25 சதவீதம். நான்கு பேரில் ஒருத்தி. பிறப்பை, இறப்பை, உயரத்தை, ஊசியை எண்ணும் தாளில் பெண்ணின் விருப்பத்தை எண்ணும் வரிசை இதுதான். 7.8 குறைந்து 4.2 ஆனதில் எவ்வளவு அவர்கள் குறைத்தது என்ற கேள்விக்கு முழு விடை இந்த வரிசையில் கிடைக்காது. ஆனால் இன்னும் எவ்வளவு பேரின் ‘போதும்’ காதில் விழவில்லை என்பது இதில் இருக்கிறது. ஒரு நாட்டின் மக்கள்தொகைக் கொள்கை நியாயமானதா என்று பார்க்க என்னை ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். கருவள விகிதத்தைக் குறைத்துவிட்டோம் என்று ஓர் அரசு விருது வாங்கலாம். இந்த எண்ணைக் குறைக்க அவள் சொல்வதைக் கேட்டாக வேண்டும்.

அடுத்த வாசிப்பு வட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். அந்த மாணவி குறித்துக்கொண்டாள். “அப்ப இந்த வரிசையையும் சுழிச்சிருக்கணும் மேடம்” என்றாள்.

சில நாட்கள் கழித்து அம்மா தானாகவே போன் செய்தார். வழக்கமாக அம்மா போன் செய்தால் சாப்பாட்டில் தொடங்கும். அன்று நேராக அக்காவில் தொடங்கியது.

“அன்னிக்கு நீ கேட்டதுல ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். மூணாவது பொறந்தப்பவே அவ போதும்னுதான் சொன்னா. எங்கிட்டதான் சொன்னா. நான் சின்னப்பொண்ணு, யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

“அதையும் எழுதிக்கோ” என்றார்.